காலியாகப் பறந்த நாற்காலி

"உட்காருங்க. இந்த விமானத்தை மட்டும் இறக்கிட்டு வந்துடறேன்" என்றார் டயர் கடைக்காரர்.

சின்னவர் உட்கார இடம் தேடினார். கடையின் மாடி அறையில் நான்கு பக்கமும் டயர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு நீள மேஜை, அதன் மேல் ஒரு கணினி. அதற்கு முன்னால் நாற்காலியில் சம்மணம் போட்டு அமர்ந்து, விசைப்பலகையை இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார் கடைக்காரர். திரையில் பெரிய விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது, மறுபடி துள்ளியது. மூன்றாவது தடவை விழுந்த விதத்தை இறக்கம் என்று சொல்ல நிரம்பப் பெருந்தன்மை வேண்டும்.

"உள்ள எத்தனை பேருங்க?" என்று கேட்டார் சின்னவர்.

"இருநூத்துப் பன்னிரண்டு."

"எல்லாரும் உயிரோட இருக்காங்களா?"

"யாருமே கிடையாதுங்க. எடைக் கணக்குக்காகப் போடறதுதான்."

"அப்பாடா!"

பக்கத்தில் நின்ற அண்ணி, தம்பி சும்மா இரு என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். பதினெட்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். அலுவலகம் என்றால் வீட்டு முன்னறை. உதவியாள் என்றால் கணவரின் தம்பி. நாற்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் எல்லாருக்கும் அவர் சின்னவர்தான்.

டயர் கடைக்காரர், கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவர். இருபத்து மூன்று உறுப்பினர்கள். நிஜ விமானம் ஒன்றுகூட இல்லை. ஆனால் விதிகள் இருநூற்றுப் பதினான்கு இருந்தன.

"எங்க சங்கத்துல ஒரு மோசடி நடந்திருக்குங்க" என்று தலைவர் கனத்த விதிப்புத்தகத்தை மேஜையில் வைத்தார். "போன வியாழக்கிழமை எனக்குத் திடீர்னு வயித்து வலி. சிறுநீரகக் கல். தரையில உருண்டேன். ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஏத்தும்போது டிரைவர் மூஞ்சியைப் பார்த்தா, நம்ம சங்கத்து உறுப்பினர்! சங்கத்துப் பக்கத்துல அவர் படத்தைப் பார்த்திருக்கேன். ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் பறந்தவர். சரி, வண்டி கிளம்பிச்சு. படுத்தபடியே போனை எடுத்து சங்கத்துப் பக்கத்தைத் திறந்தேன்..."

"வலியில துடிச்சிட்டிருக்கும்போதா?" என்றார் சின்னவர்.

"தலைவர்னா பொறுப்பு இருக்குல்ல? திறந்து பார்த்தா, அந்த ஆளோட விமானம் முப்பத்தஞ்சாயிரம் அடியில பறக்குது! ஆளு எனக்கு முன்னால ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கான்!"

தலைவரின் குரல் இன்னமும் நடுங்கியது. கல் வலியைச் சொன்னபோதுகூட அப்படி நடுங்கவில்லை.

"விதி பதினேழு. பறக்கும்போது நாற்காலி பத்து நிமிஷத்துக்கு மேல காலியா இருக்கக்கூடாது. கக்கூஸுக்கும் அதே பத்து நிமிஷம்தான். அதோட விதி எண்பத்தெட்டு. சரியான காரணம் இல்லாம பாதை மாறக்கூடாது. நாலு அஞ்சுக்கு அந்த விமானம் திடீர்னு திரும்பி, நாலு இருபத்தொண்ணுக்கு வேற ஒரு ஊர்ல இறங்கிடுச்சு. ரெண்டு குத்தம்!"

அண்ணி பயணப் பதிவை வாங்கிப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணுதாங்க குத்தமா இருக்க முடியும். நாற்காலி காலின்னா திருப்பினது யாரு?"

"ஏதாவது இயந்திரம் வச்சிருப்பான்."

"இயந்திரத்துக்குப் பாதி வழியில இறங்கணும்னு எப்படித் தோணும்? காரணம்ங்கிற இடத்துல விதி அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கே. அது என்ன?"

சின்னவர் புத்தகத்தைப் புரட்டிப் படித்தார். "பயணியின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் அருகிலுள்ள நிலையத்தில் இறங்க வேண்டும்."

"பயணியே கிடையாதேங்க!" என்று தலைவர் கையை விரித்தார். "இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு விசாரணை. குத்தம் உறுதியானா பேரை எடுத்துட்டு, பறந்த மணி அத்தனையும் அழிச்சிடுவோம். எந்த இயந்திரம்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க. அந்த ஆள் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். கேட்டா, பேரை எடுத்துக்குங்க, மணியை மட்டும் அழிக்காதீங்கன்னு கெஞ்சறான்."

அண்ணி நிமிர்ந்தார். "பேரு போனா பரவாயில்லை, மணி போகக்கூடாதா?"

"பைத்தியம்! நாலு மணி வாக்குல வண்டி சிக்னல்ல நின்னப்போ யார்கூடவோ போன்ல வேற பேசினான். ஆனா ஒண்ணு சொல்லணும், ஆஸ்பத்திரியில எனக்கு ராஜ மரியாதை. அவ்வளவு கூட்டத்துலயும் கட்டில் தயாரா இருந்துச்சு. சும்மாவா, இந்தக் கடை முப்பது வருஷமா இருக்கு!"

அப்போது கீழே பைக் சத்தம் கேட்டது. சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி, அதாவது தெருக்கோடி மருந்துக்கடைக்காரர், ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் வந்து, தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மேல் மாட்டியபடி இறங்கினார். மேலே வந்ததும், "பாதுகாப்புல நாங்க சமரசமே பண்ணிக்கிறதில்லை" என்றார்.

சின்னவர் ஜன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆம்புலன்ஸ் டிரைவரை ஆஸ்பத்திரி வாசலில் பிடித்தார்கள். ஒல்லியான மனிதர். வண்டிக்குள் தூக்குப் படுக்கையின் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலைவர் அனுப்பினார் என்றதும் முகம் செத்துப்போயிற்று.

"என் மேலதான் தப்பு. எழுதிக்குங்க."

"என்ன தப்புன்னு சொன்னாத்தானே எழுத முடியும்?" என்ற அண்ணி, சிநேகமாகச் சிரித்தார். "நிறையப் பறந்திருக்கீங்களாம். எனக்கு ஒரு சந்தேகம். இறங்கும்போது சக்கரத்தை எப்பக் கீழ இறக்குவீங்க?"

டிரைவர் விழித்தார். "சக்கரம் எப்பவும் கீழதானே இருக்கும்?"

சின்னவருக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அண்ணியின் முழங்கை அடக்கியது.

"ஆயிரத்து எண்ணூறு மணி நேரம்!" என்றார் சின்னவர் வெளியே வந்ததும். "அண்ணி, இந்த ஆள் காத்தாடிகூட விட்டிருக்க மாட்டார்."

"ஆமா. அப்போ அந்த நாற்காலி காலியா இல்லை, தம்பி. வேற யாரோ இருந்திருக்காங்க. அவங்களை மறைக்கத்தான் இவர் பழியை வாங்கிக்கிறார்."

"யாருன்னு இவர் சொல்ல மாட்டாரே."

"நாலு அஞ்சுக்கு விமானம் ஏன் திரும்பிச்சுன்னு தெரிஞ்சா போதும். அதுக்குச் சரியா முன்னாடிதான் இவர் சிக்னல்ல போன் பேசியிருக்கார். போன்ல எதையோ கேட்டுட்டு ஒருத்தர் விமானத்தை இறக்கறார். இறக்கிட்டு என்ன செஞ்சிருப்பார்?"

"காபி குடிச்சிருப்பார்."

"உன்னைக் கேட்டேன் பாரு!"

அண்ணி நேராக அவசரப் பிரிவின் வரவேற்பு மேஜைக்குப் போனார். அங்கிருந்த நர்ஸ் ஒரு கையால் போனையும் மறுகையால் பதிவேட்டையும் சமாளித்துக்கொண்டிருந்தார். அண்ணி உடனே எதையும் கேட்கவில்லை. மேஜையிலிருந்து உருண்டு விழுந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். வரிசையில் நின்ற தள்ளாத மனிதர் ஒருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து நர்ஸே, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார். சின்னவர் தன் அனுபவத்தில் கண்டது, பூட்டை உடைப்பதைவிட இந்த வழி சீக்கிரம் திறக்கும்.

"போன வியாழக்கிழமை நாலு இருபத்தொண்ணுக்கு அப்புறம் இங்க ஒரு போன் வந்துச்சா?"

நர்ஸ் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "நாலு இருபத்திரண்டு. ஆமா, கேப்டன் பேசினா."

"எந்தக் கேப்டன்?"

"ஏழாம் நம்பர் கட்டில்ல பதினாலு மாசம் கிடந்தாளே, அந்தப் பொண்ணு. நம்ம டிரைவரோட தங்கச்சி. முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ அசைவே கிடையாது. ஒரு கைதான் முழுசா வரும். வீட்டுக்குப் போனதுக்கு அப்புறமும் எங்களை விடலை. எந்தக் கட்டில் எப்போ காலியாகும்னு என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அண்ணன் யாரையாவது ஏத்தினதும் இவகிட்ட சொல்வார், இவ இங்க போன் பண்ணி இடம் பிடிச்சு வைப்பா. அன்னைக்கு ஒருத்தர் வீட்டுக்குக் கிளம்பிட்டிருந்தார். 'அக்கா, அந்தக் கட்டிலை யாருக்கும் குடுத்துடாதீங்க, கல் வலியில ஒருத்தர் துடிச்சிட்டு வர்றார்'னு சொன்னா. இல்லைன்னா அந்த டயர் கடைக்காரர் ராத்திரி வரைக்கும் நடைபாதையிலதான்."

சின்னவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "ராஜ மரியாதை!" என்றார்.

டிரைவரின் வீட்டுக்கு அவர்கள் போனபோது ஐந்து மணி பத்து நிமிடம். ஆறு மணிக்கு விசாரணை. கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளறையில் கட்டிலை ஒரு பக்கம் உயர்த்தி, கட்டில் கம்பியில் இரும்புக் கை வைத்து ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். படுத்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். இரவு உடைக்கு மேல், கழுத்துப் பட்டி வைத்த வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையாமல் தேய்த்து, மேல் பொத்தான் வரை போட்டிருந்தது. வலது கை ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் குச்சியின் மேல் இருந்தது.

"வணக்கம்மா, நாங்க..." என்று ஆரம்பித்தார் சின்னவர்.

"மன்னிக்கணும். பத்தாயிரம் அடிக்குக் கீழ இருக்கேன். விதி நாற்பது, இறங்கும்போது வேற பேச்சு கூடாது" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சின்னவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அண்ணி உதட்டில் விரலை வைத்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் சுவரோரம் நின்றார்கள். பன்னிரண்டு நிமிடம் போயிற்று. விமானத்தில் யாரும் இல்லை. ஆனாலும் அவள் இருக்கைப் பட்டை விளக்கைப் போட்டாள். ஒருவரும் இல்லாத வரிசைகளுக்கு, "இன்னும் சிறிது நேரத்தில் இறங்கப் போகிறோம், பயப்பட வேண்டாம்" என்று அறிவித்தாள். திருப்பங்களில் விமானத்தை, தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல் மெல்லச் சாய்த்தாள். சக்கரம் தரையைத் தொட்டது சின்னவருக்குத் தெரியவேயில்லை.

"இப்போ சொல்லுங்க" என்றாள். பிறகு அண்ணி தலைவரிடம் வாங்கி வந்திருந்த விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இந்தச் சட்டை..." என்றார் சின்னவர்.

"விதி நாற்பத்து நாலு. பறக்கும்போது கழுத்துப் பட்டி வச்ச சட்டை போடணும்."

"யாரும் பார்க்க மாட்டாங்களேம்மா!"

"நான் பார்ப்பேனே."

அவள் சொந்தப் பெயரில் இரண்டு தடவை விண்ணப்பித்திருந்தாள். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தது. விதி ஒன்பது, விமானி இரு கால்களாலும் பெடல்களை, அதாவது திசை திருப்பும் மிதிகளை, இயக்கக்கூடியவராக இருக்க வேண்டும். மூன்றாவது தடவை அண்ணன் தன் பெயரில் சேர்ந்து, கடவுச்சொல்லைத் தங்கை கையில் கொடுத்துவிட்டார்.

"வியாழக்கிழமை அண்ணன் போன் வந்ததும் உடனே ஆஸ்பத்திரிக்குப் பேசியிருக்கலாமே?" என்று கேட்டார் அண்ணி.

"வர்ற போன் தானா எடுத்துக்கும், ஸ்பீக்கர்ல கேட்கும். அதுக்கு விதி இல்லை. பறக்கும்போது நானா போன் பண்ணக்கூடாது, விதி இருபத்து மூணு. பறக்கறதைத் திரையில பாதியில நிறுத்தி வைக்கவும் கூடாது, விதி அம்பத்திரண்டு. அதனால பக்கத்துல இருந்த நிலையத்துல இறக்கிட்டுப் பேசினேன். பதினாறு நிமிஷம் ஆச்சு. வண்டி நெரிசல்ல மாட்டியிருந்தது, எப்படியும் அரை மணி ஆகும்னு கணக்குப் போட்டுட்டேன்."

"அப்போ விதி அறுபத்தொண்ணுல சொன்ன பயணி..."

"எங்கண்ணன் வண்டியில இருந்தா எனக்கும் பயணிதானே?" என்றவள், அண்ணியைப் பார்த்துச் சொன்னாள். "மேடம், அண்ணன் மேல ஒண்ணும் வராம பார்த்துக்குங்க. ஏமாத்தினது நான்தான். ஆனா அந்த மணி... இந்த அறையை விட்டு நான் வெளிய போன நேரம் மொத்தமும் அதுதான். அழிச்சிட்டா, நான் எங்கயுமே போகலைன்னு ஆயிடும்."

அண்ணி அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "நான் பொய் சொல்ல மாட்டேம்மா. உண்மை முழுசையும் அங்க சொல்லிடுவேன்."

"சொல்லுங்க. ஆறு மணி வரைக்கும் எனக்கு அனுமதி இருக்கு. அதுக்குள்ள கிளம்பினா, போய்ச் சேர்ற வரைக்கும் பறக்கலாம். விதி எழுபது." குச்சியின் மேல் மறுபடி கையை வைத்தாள். "கடைசியா ஒண்ணு போய்ட்டு வந்துடறேன்."

தெருவுக்கு வந்ததும் சின்னவர் வெடித்தார். "அண்ணி, முழு உண்மையைச் சொன்னா விதி ஒன்பதுல அந்தப் பொண்ணு மாட்டிப்பா! ஏதோ இயந்திரம், என்னமோ கோளாறுன்னு சொல்லி முடிச்சிடலாமே!"

"பாதி உண்மை சொன்னாத்தான் அவளுக்கு ஆபத்து, தம்பி." அண்ணி ஒரு கணம் கண்ணை மூடினார். அவர் உதடு அசைந்தது. கடவுளிடம் அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான் என்று சின்னவருக்குத் தெரியும். யாருக்கும் என்னால் அநியாயம் நடந்துவிடக் கூடாது. "நீ ஒரு வேலை செய். அங்க போனதும் உன் பேனாவைக் கீழ போடு."

டயர் கடை மாடியில் விசாரணைக் குழு கூடியிருந்தது. ஏழு பேர், ஏழு மடிக்கணினிகள். டிரைவர் ஒரு லாரி டயரின் மேல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எந்த இயந்திரம்?" என்றார் தலைவர்.

"இயந்திரம் இல்லைங்க. இவரோட தங்கச்சி. ஆயிரத்து எண்ணூறு மணியும் அவங்க பறந்தது. இடுப்புக்குக் கீழ அசைவு கிடையாது."

டிரைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரி எழுந்தேவிட்டார். "ஆள் மாறாட்டம்! அதோட விதி ஒன்பது! மிதிக்கக் கால் இல்லாம விமானம் ஓட்டினா பாதுகாப்பு என்னாகிறது? நாளைக்கு ஒரு விபத்துன்னா யார் பதில் சொல்றது?"

"யாரும் சாக மாட்டாங்களே" என்ற சின்னவர், பேனாவைக் கீழே நழுவவிட்டார். எடுக்கக் குனிந்தவர் மேஜைக்கு அடியில் போனார். போனவர் திரும்பி வரவில்லை.

"தம்பி, அங்க என்ன பண்றே?"

"மிதியைத் தேடறேன் அண்ணி." மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஏழு ஜோடிச் செருப்பு இருக்கு. பஞ்சர் ஒட்டற டப்பா ஒண்ணு இருக்கு. தலைவர் காலே இல்லை, மேல சம்மணத்துல இருக்கு. மிதி ஒண்ணுகூடக் காணோம்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"வீட்டுல யாராவது மிதி வச்சிருக்கீங்களா?" என்று அன்பாகக் கேட்டார் அண்ணி.

"அது... கணினியில விசைப்பலகையே போதுங்க" என்றார் தலைவர் மெதுவாக.

"அப்போ இந்த விதி?"

"நிஜ விமானிகளோட புத்தகத்துலேர்ந்து அப்படியே எடுத்து எழுதினது."

"அதுல கழுத்துப் பட்டிச் சட்டையும் இருக்கு. இங்க யாரும் போடலை. அந்தப் பொண்ணு கட்டில்ல படுத்துக்கிட்டு, தேய்ச்சுப் போட்டிருக்கா. உங்க இருநூத்துப் பதினாலு விதியையும் மதிக்கிற ஒரே ஆளை, அதுல ஒரு விதியைக் காட்டி நீங்க உள்ள விடலை. அதனாலதான் அண்ணன் பேர்ல வந்தா. அது தப்புதான், அவளே ஒத்துக்கிட்டா."

தலைவருக்குத் தலைமைப் பதவி நினைவுக்கு வந்தது. "சரிம்மா, அதை விடுங்க. காரணமில்லாம பாதை மாறினது? விதி எண்பத்தெட்டு? பயணி உயிருக்கு ஆபத்துன்னு பொய்க் காரணம் எழுதினது?"

"பொய் இல்லைங்க." அண்ணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நர்ஸ் எடுத்துக் கொடுத்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல். "நாலு ரெண்டுக்கு அண்ணன் சிக்னல்ல நின்னு தங்கச்சிக்குச் சொன்னார். நாலு அஞ்சுக்கு விமானம் திரும்பிச்சு. பறக்கும்போது போன் பண்ணக்கூடாதுன்னு உங்க விதி, அதனால இறங்கினா. நாலு இருபத்திரண்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் பேசி ஒரு கட்டிலைப் பிடிச்சு வச்சா. யாருக்குன்னு இந்தத் தாள்ல இருக்கு. படிங்க."

தலைவர் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். சம்மணம் தானாகக் கலைந்து, கால்கள் தரைக்கு வந்தன.

"அந்தப் பயணி நானா?"

அண்ணி தலையசைத்தார்.

"நான் அங்க படுத்துக்கிட்டு உங்க மேல புகார் எழுதிட்டிருந்தேன்" என்றார் தலைவர் டிரைவரைப் பார்த்து. "நீங்க எனக்காகப் பேசிட்டிருந்தீங்க."

"வலியில இருந்தீங்க தலைவரே. அதைப் போய்..." என்றார் டிரைவர்.

தலைவர் விதிப்புத்தகத்தைத் திறந்து, ஒன்பதாம் விதியின் மேல் பேனாவால் அழுத்திக் கோடு போட்டார். "மணி எல்லாத்தையும் அந்தப் பொண்ணு பேருக்கு மாத்துங்க."

"விதிப்படி அதுக்குப் பொதுக்குழு..." என்று இழுத்தார் பாதுகாப்பு அதிகாரி.

"நீங்க மொதல்ல அந்தத் தலைக்கவசத்தை டாங்கு மேலேர்ந்து எடுத்துத் தலையில மாட்டுங்க. அப்புறம் பேசலாம்."

சின்னவர் மேஜைக்கு அடியிலிருந்தே கை தட்டினார்.

தலைவர் ஒலிவாங்கியை இழுத்தார். திரையில் ஒரு சிறிய விமானம் மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு நான்கு நிமிடம் முன்பு கிளம்பியது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கேப்டன், தலைவர் பேசறேன். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு. பிறகு, நிதானமான பெண் குரல்.

"மன்னிக்கணும் தலைவரே. பத்தாயிரம் அடிக்குக் கீழ இருக்கேன். இறங்கினதும் பேசறேன்."

தலைவர் வாயை மூடிக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரி நின்ற இடத்திலேயே நின்றார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். குழு கூடிய அந்த அறையில், சங்கம் தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக, ஒரு விதியை எல்லாரும் சேர்ந்து கடைப்பிடித்தார்கள். விமானம் இறங்கும் வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை.